பூஸ்ட் கண்ட்ரோலருக்கு நான் வைத்த பொட்டு

டர்போ வண்டிகளில் கை வைக்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஓர் ஆறுதல். நீங்கள் செய்யப்போகிற தப்புகளில் பாதியை நான் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டேன். மீதிப் பாதியைத் தனபால் செய்துவிட்டான்.

தனபால் என் ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரீஷியன். மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே தகரக் கூரையின் கீழ், இருவரும் இருபத்திரண்டு வருடம் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு பிழைத்தோம். போன வருடம், ஐம்பத்தாறு வயதிலேயே நான் ஓய்வு பெற்றேன். ஓய்வு என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு வண்டிக்கு அடியில் போனவன் இடுப்பு பிடித்துக்கொண்டு திரும்பி வர முடியாமல் கிடந்தேன். இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். எடுத்ததும் தனபால், "சர்வீஸ் பண்ணி வெளியே உட்டாச்சு, ரோட்டுல ஓட்டாத நைனா" என்றான். அன்றோடு சரி.

எந்த ஒயர் எங்கே, எந்த ட்யூப் எந்தப் பக்கம் என்பதெல்லாம் பெட்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் சொல்லப்போவதில்லை. படித்திருக்க வேண்டிய நேரத்தில் நான் அதைப் படிக்கவுமில்லை.

முதன்முதலில் நாங்கள் எலெக்ட்ரானிக் பூஸ்ட் கண்ட்ரோலர் மாட்டியது தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவரின் வண்டியில். ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்த்தபோது பறந்தது. மறுநாள் அவர் திரும்ப வந்தார். முகத்தில் புகார் இல்லை, பரவசம் இருந்தது.

"மாஸ்டர், பக்திப் பாட்டு போட்டா வண்டி பறக்குது. நிறுத்துனா தூங்குது. சாமி இருக்கு மாஸ்டர்."

தனபாலைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். கண்ட்ரோலருக்கு வேண்டிய கரண்ட்டை அவன் மியூசிக் சிஸ்டம் ஒயரிலிருந்து எடுத்திருந்தான். பாட்டு ஓடினால்தான் அந்த ஒயரில் கரண்ட் வரும். நாங்கள் சோதித்துப் பார்த்த அன்று, அவன் வழக்கப்படி பாட்டை அலறவிட்டிருந்தான்.

"உட்டுரு நைனா, அவுரு நம்பிக்கைய நாம இன்னாத்துக்குக் கெடுக்கணும்?" என்று என் காதில் சொன்னான்.

ஒயரை மாற்றிக் கொடுத்தோம். வண்டி சரியானதில் அவருக்கு அவ்வளவாகச் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டார்.

அது அன்றைக்கே சிரித்துவிட முடிந்த தப்பு. இன்னொன்று இருக்கிறது. அதற்குச் சிரிக்க எனக்கு நாள் பிடித்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பூஸ்ட் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் மனைவிக்குச் சொன்ன மாதிரி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இன்ஜின் வெளியே விடும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரம் வெளிக்காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளுகிறது. அந்த அழுத்தம்தான் பூஸ்ட். அது அளவு மீறினால் இன்ஜின் உடையும். அதனால் புகை போகிற வழியில் பக்கவாட்டில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். அழுத்தம் ஏறியதும் ஒரு சின்ன ட்யூப் வழியாகக் காற்று போய் அந்தக் கதவைத் தள்ளித் திறக்கும். புகை அந்தப் பக்கம் போய்விடும், பூஸ்ட் நின்றுவிடும்.

கண்ட்ரோலர் என்ன செய்கிறது என்றால், கதவைத் திறக்கப் போகிற காற்றில் ஒரு பங்கை நடுவழியிலேயே ஒரு சின்னத் துவாரம் வழியாக வெளியே விட்டுவிடுகிறது. கதவுக்குச் சேதி தாமதமாகப் போய்ச் சேரும். அதுவரை பூஸ்ட் ஏறும். அபார்ட்மெண்ட் வாட்ச்மேனை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டுபோய்ப் பேச்சுக் கொடுப்பது போல. எத்தனை சதவீதம் பேச்சுக் கொடுப்பது என்று ஒரு திருகியில் நாம் வைத்துக்கொள்ளலாம்.

இதைக் கேட்டுவிட்டு என் மனைவி, "அப்ப இத்தினி வருஷமா ஏமாத்து வேலைதான் பண்ணிக்கினு இருந்தியா?" என்றாள். அவளுக்குச் சரியாகப் புரிந்துவிட்டது.

இனி ஸ்டெல்லா. பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் அவள் வீடு. அப்பா அருளப்பன் அண்ணன் மூன்று படகு வைத்திருக்கிறார். படகு இன்ஜின்கள் மூலம் எனக்கு இருபது வருடப் பழக்கம். ஸ்டெல்லாவுக்கு வேலை டிரைவிங் ஸ்கூலில். காலையிலிருந்து மாலை வரை மந்தைவெளித் தெருக்களில் இருபது கிலோமீட்டர் வேகத்தில், தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்தபடி, "கிளட்ச்சு, கிளட்ச்சு, அய்யோ கிளட்ச்சு" என்று கத்துவது. இப்படி ஆறு வருடம் உட்கார்ந்த ஒருத்திக்கு வேகத்தின் மேல் எவ்வளவு பசி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு, கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தாள். இரண்டு கதவு, சிவப்பு நிறம், வயது அவளைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

வண்டி அவள் வீட்டுச் சந்துக்குள் நுழையவில்லை. கடற்கரை ரோட்டில் நிறுத்தினாள். உப்புக்காற்று ஒரே வருடத்தில் கதவின் அடிப்பக்கத்தைத் தின்ன ஆரம்பித்தது. அருளப்பன் அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொல்லிவிட்டார்: மழைக்காலத்துக்குள் வண்டியை விற்றாக வேண்டும். அவளுக்கும் மறுத்துப் பேச வழியில்லை. கண்ணெதிரே துரு ஏறிக்கொண்டிருந்தது. வாங்க ஓர் ஆளும் கிடைத்தார். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ரேஸ் ட்ராக்கில் ஒரு போட்டி. ஒவ்வொரு வண்டியும் தனியாகக் கடிகாரத்தோடு ஓட வேண்டும். ஸ்டெல்லா பெயர் கொடுத்திருந்தாள். ஒரே ஒரு தடவை, அந்த வண்டியில், ட்ராக்கில். அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை என்னிடம் வந்தாள்.

"மாஸ்டர், பூஸ்ட் கண்ட்ரோலர் வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள மாட்டிக் குடுங்க. திங்கக்கெழமை வண்டி போயிரும்."

"போற வண்டிக்கு இன்னாத்துக்கும்மா அலங்காரம்?" என்றான் தனபால்.

"போறதுக்கு முன்னாடி ஒருதபா ஓடட்டும்ணா."

இதற்குமேல் யாரால் மறுக்க முடியும்? மதியத்துக்குள் மாட்டிவிட்டோம். மியூசிக் சிஸ்டம் ஒயர் இருக்கும் பக்கமே தனபாலை நான் விடவில்லை.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம். புதிதாக எந்தப் பொருளை மாட்டினாலும், முதல்முறை ஸ்டார்ட் பண்ணும் முன் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட வேண்டும். பேட்டரிக்கு வைத்திருக்கிறேன், ரேடியேட்டருக்கு வைத்திருக்கிறேன், ஒருமுறை வைப்பருக்குக்கூட வைத்திருக்கிறேன். அன்று வெள்ளிக்கிழமை வேறு. கண்ட்ரோலரின் வால்வு தீப்பெட்டி அளவில் கறுப்பாக இருந்தது. அதன் முகத்தில், சரியாக நடுவில், வட்டமாக ஒரு சின்னப் பித்தளைப் பொத்தான். சல்லடை மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள். பொட்டு வைப்பதற்கென்றே இடம் ஒதுக்கி அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. வெளிநாட்டுக்காரனுக்கும் நம் வழக்கம் தெரிந்திருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனேன். சந்தனத்தைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்து, அந்தப் பொத்தான் மறைய வைத்து, அதன்மேல் குங்குமம் அப்பினேன்.

மகளோடு வந்து, ரியர் வியூ கண்ணாடியில் ஜெபமாலை தொங்கவிட்டுக்கொண்டிருந்த அருளப்பன் அண்ணனிடம் மரியாதைக்கு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே அண்ணே?" என்று கேட்டேன்.

"வையி மாஸ்டர். யாரு காப்பாத்துனா இன்னா?"

காற்று வெளியே போக வேண்டிய துவாரம் அந்தப் பொத்தான்தான் என்பது, நான் படிக்காத புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் படத்தோடு போட்டிருந்தது.

சனிக்கிழமை காலை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். மயிலாப்பூர், அடையாறு பக்கம் பூஸ்ட் ஏறும் அளவுக்கு வண்டி ஓட்ட ரோடு கிடையாது. ஏறத் தொடங்கும்போதே முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ நிற்கும். அதனால் ஈ.சி.ஆரில் கேளம்பாக்கம் திரும்பும் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு மனைப்பிரிவுக்குப் போனோம். வாசலில் பெரிய அலங்கார வளைவு, கலர் கொடிகள், ஒரு கிலோமீட்டருக்கு நேரான தார் ரோடு, ரோட்டின் இருபுறமும் எண் போட்ட கற்கள். வீடு ஒன்றுகூடக் கிடையாது. தரகர் ஒருவர் மட்டும் குடையின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். எனக்குப் பழகிய மனிதர்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் நம்பிக்கையோடுதான் எழுவார்.

ஸ்டெல்லா ஓட்டினாள். நான் பக்கத்தில், கையில் கண்ட்ரோலரின் திருகி. பின்சீட்டில் லேப்டாப்போடு தனபால். அந்த வண்டியின் பின்சீட் குழந்தைகளுக்கானது. அவன் முழங்கால் இரண்டும் காதுக்கு இரண்டு பக்கமும் இருந்தன.

பூஸ்ட் அழுத்தத்தை ‘பார்’ என்ற அளவில் சொல்வார்கள். கண்ட்ரோலர் இல்லாமல் அந்த வண்டியின் பூஸ்ட், பாயிண்ட் ஆறு பார். எங்களுக்கு வேண்டியது பாயிண்ட் ஒன்பது. முப்பது சதவீதம் வைத்தால் போதும் என்று கணக்கு. வைத்தேன். ஸ்டெல்லா மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தாள். பாயிண்ட் ஆறு.

"ஏறல மாஸ்டர்" என்றாள்.

"புது வால்வு. கூச்சப்படுது" என்றேன்.

நாற்பது வைத்தேன். திரும்பி வந்து மறுபடி ஓட்டினாள். பாயிண்ட் ஆறு. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கும் உள்ளே ஏதோ தட்டியது. திருகினால் ஏற வேண்டியது ஏறவில்லை என்றால், எங்கோ ஒன்று நான் நினைக்கிறபடி இல்லை. இறங்கி, பானட்டைத் திறந்து, ட்யூபைத் தடவிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல, இது இப்பிடித்தான் ஆரம்பிக்கும்" என்று சொல்லி அறுபது வைத்தேன்.

பாயிண்ட் ஆறு.

"நைனா, பார்னாலே உனக்கு அளவு தெரியாதுன்னு தெரியும். இந்த பார்லயுமா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

எண்பத்தைந்து வைத்தேன்.

அப்புறம் நடந்ததை நான் பிறகு புரிந்துகொண்டேன். ஒரு ராத்திரி முழுக்கக் காய்ந்து, மூன்று ஓட்டத்தின் சூட்டில் வெடிப்பு விட்டிருந்த சந்தனம், உள்ளேயிருந்து காற்று முட்டியதில் அந்த ஓட்டத்தின் நடுவில் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. வாட்ச்மேனை எண்பத்தைந்து சதவீதம் பேச்சில் நிறுத்திவைக்க எந்தத் தடையும் இல்லை. கதவு திறக்கவே இல்லை.

எனக்கு அப்போது தெரிந்தது பூஸ்ட் மீட்டரின் முள் மட்டும்தான். பாயிண்ட் ஆறைத் தாண்டி, ஒன்று, ஒன்று பாயிண்ட் நான்கு. முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. இன்ஜினிலிருந்து தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நீங்கள் ஒருநாள் கேட்பீர்கள். கேட்காமலே ஓய்வு பெற்றால் கொடுத்து வைத்தவர்கள். நான் "உடு" என்று கத்துவதற்குள் ஸ்டெல்லாவின் கால் மேலே வந்துவிட்டது. அதே நொடியில் டமார் என்று ஒரு வெடி.

வண்டி தானாக உருண்டுபோய் நின்றது. கொடிக்கம்பத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்து போயிருந்தன.

தரகர் குடையோடு ஓடி வந்தார். "சார், கெணறு தோண்ட வெடி வெக்கிறீங்களா? இங்க இருபதடியிலயே தண்ணி சார்! நல்ல தண்ணி!"

பானட்டைத் திறந்தேன். காற்று இன்ஜினுக்குப் போகும் பெரிய ரப்பர் ஹோஸ் ஒன்று கிளாம்ப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு தொங்கியது. அதுதான் வெடிச் சத்தம். அது பிடுங்கிக்கொண்டதால்தான் அழுத்தம் இறங்கியது. இல்லையென்றால் இன்ஜினே போயிருக்கும். இருந்தும் அந்தக் கோலிக்குண்டுச் சத்தம் இரண்டு நொடி கேட்டிருந்தது. இரண்டு நொடியில் உள்ளே ஒரு பிஸ்டன் ரிங்காவது போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம்.

பிறகு வால்வைப் பார்த்தேன். பொத்தானைச் சுற்றி விளிம்பில் மட்டும் சந்தனம் வளையமாக இருந்தது. நடுவில் பித்தளை பளபளத்தது. பானட்டின் உள்பக்கம், சரியாக அதற்கு மேலே, ஒரு சிவப்புப் புள்ளி. என் பொட்டு அங்கே போய் ஒட்டியிருந்தது.

எனக்குப் பிறகு தனபாலுக்கும் புரிந்தது. அவனுக்கு முதலில் வந்தது சிரிப்பு. என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை இருமலாக மாற்றினான். ஸ்டெல்லா தள்ளி நின்று அப்பாவுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தாள்.

"நைனா, ஒண்ணும் சொல்லாத" என்றான் மெல்ல. "வால்வுல ஃபால்ட்டுன்னு சொல்லிக்கலாம். புது ஐட்டம், பொட்டிலயே கெட்டுப்போயி வந்துச்சுன்னு சொன்னா யாரு கேக்கப்போறா? விக்கிற வண்டிதான?"

பொய் சொல்ல அதைவிட வசதியான நேரம் என் தொழில் வாழ்க்கையில் வந்ததில்லை. சாட்சி எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை. தரகர்கூட ஹோஸ் வெடித்ததைத்தான் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து ஒரு துடை துடைத்தால் போதும். கைக்குட்டையை எடுக்கவும் செய்தேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு பாக்கெட்டில் வைத்தேன். பெரிய உத்தமன் என்பதால் இல்லை. வால்வில் ஃபால்ட் என்று சொன்னால் அந்தப் பெண் வேறு வால்வு வாங்கி மாட்டிக்கொண்டு நாளைக்கு ட்ராக்குக்குப் போய்விடுவாள். உள்ளே இன்ஜின் எப்படி இருக்கிறது என்று பார்க்கவே மாட்டாள்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தோம். அருளப்பன் அண்ணன் வந்து வாசலில் நின்றார். நான் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, பொட்டு வைத்த இடத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். புத்தகத்தின் நான்காம் பக்கத்தையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அந்தப் படத்தை அப்போதுதான் நானும் முதல்முறை பார்த்தேன்.

அவள் நிதானமாகத்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் ‘என்ன’ போய் ‘இன்னா’ வந்துவிடும்.

"நாப்பது வெச்சும் ஏறலயே. அப்பவே உங்களுக்கு டவுட் வரலயா மாஸ்டர்?"

"வந்துது."

"அப்பறம் இன்னாத்துக்கு அறுவது வெச்சீங்க?"

பதில் தெரியும். சொல்லிவிட்டேன். "நீ பாத்துக்கினே இருந்த. எனக்குப் புரியலன்னு சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு."

கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். "என் ஸ்கூலுக்குப் புதுசா வர்றவங்க, பிரேக்குன்னு நெனச்சி ஆக்ஸிலேட்டர மிதிச்சிருவாங்க மாஸ்டர். வண்டி நிக்கலியேன்னு இன்னும் அழுத்துவாங்க. எவ்ளோ பயம் வருதோ அவ்ளோ அழுத்துவாங்க. அவங்களுக்கு நான் ரெண்டாவது பிரேக் வெச்சிருக்கேன். உங்களுக்கு யார் வெக்கிறது?"

தனபால் ஒயர் சுருளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அருளப்பன் அண்ணன் வந்த வேலையைக் கேட்டார். "அதெல்லாம் உடு. நாளைக்கு வண்டி ஓடுமா ஓடாதா?"

என்னைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்விக்கு நான் சொல்லிவந்த பதில்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. பாத்துக்கலாம் அண்ணே. ஒண்ணும் ஆவாது அண்ணே. நான் இருக்கேன்ல அண்ணே. மெக்கானிக்குகள் வாயிலிருந்து வரவே வராத ஒரு சொல் இருக்கிறது. அதைத் தொண்டைக்குள்ளிருந்து ஜாக்கி போட்டுத் தூக்க வேண்டியிருந்தது.

"தெரியல."

அண்ணன் தனபாலைப் பார்த்தார். "இருவது வருஷமா எனக்கு இன்ஜின் பாக்குறான். இந்த வார்த்தைய இன்னிக்குத்தான் கேக்குறேன்."

"நானும்தான்" என்றான் தனபால்.

சொல்லிப் பாருங்கள், முதல்முறைதான் கஷ்டம். அதற்குப் பிறகு தடையே இல்லாமல் வந்தது. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் பிடிக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்த்தேன். மூன்று ஒரே அளவு. நான்காவதில் முள் ஒரு கோடு குறைவு.

"இது இப்ப கொறஞ்சிதா, முன்னாடியே கொறைவா?" என்றாள் ஸ்டெல்லா.

"தெரியல. மாட்டுறதுக்கு முன்னாடி பாக்கல."

"பாக்கணுமா?"

"பாக்கணும்."

"ட்ராக்குல தாங்குமா?"

"தெரியல. ஆனா தெரிஞ்சதச் சொல்றேன். பிளக் நாலும் சுத்தமா இருக்கு, துண்டு எதுவும் ஒடைஞ்சி வரல. ஒரு கோடு வித்தியாசம் பழைய வண்டில இருக்கறதுதான். கண்ட்ரோலரக் கழட்டிட்டு ட்யூப நேராப் போட்டுர்றேன். பழைய பூஸ்ட்டு, பாயிண்ட் ஆறுதான் வரும். வேகம் கொறையும். அந்தச் சத்தம் லேசாக் கேட்டாக்கூடக் கால எடுத்துட்டு உள்ள வந்துரு. ஓட்டாம நிறுத்துனா வண்டி நிச்சயமாப் பத்திரம். ஓட்டுனா என்னால கியாரண்டி குடுக்க முடியாது."

அவள் அப்பாவைப் பார்த்தாள். இது அவள் வண்டிதான், ஆனால் திங்கட்கிழமை ஆளுக்கு வாக்குக் கொடுத்தவர் அவர்.

"வாங்க வர்றவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருவேன்" என்றார் அவர். "இன்னா ஆச்சு, யாரு பொட்டு வெச்சா, எல்லாம். அப்பறம் அவன் வாங்குனா வாங்குறான், வாங்காட்டிப் போறான். நீ ஓட்டு."

"கழட்டுங்க மாஸ்டர்" என்றாள்.

ஆக, அந்தக் கண்ட்ரோலர் ட்ராக்குக்குப் போனது உண்மை. டிக்கியில், அட்டைப்பெட்டிக்குள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று ரவுண்டு. அவள் முறை வந்ததும் நான் தடுப்புச் சுவரில் காதை வைக்காத குறையாக நின்றேன். என்னைச் சுற்றி எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அருளப்பன் அண்ணன், "மாஸ்டர், ஜெபம் பண்றியா?" என்றார். கோலிக்குண்டுச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் ரவுண்டில் வரவில்லை. இரண்டாவதில் நேர்க்கோட்டில் முழுக்க மிதித்தாள், வரவில்லை. மூன்றாவதில் ஒரு திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கிப் புழுதி கிளம்பியது. அதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமில்லை. ஆறு வருடப் பசிக்குத்தான் சம்பந்தம்.

ஏழாவதாக வந்தாள். பூஸ்ட் ஏற்றியிருந்தால் நாலாவதோ ஐந்தாவதோ வந்திருப்பாள் என்று தனபால் கணக்குப் போட ஆரம்பித்தான். அவன் காலை மிதித்தேன்.

வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பரிசு யாருக்கு என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: போட்டி முடிந்தது, இன்னும் கால்மணி நேரம் ட்ராக் திறந்திருக்கும், விருப்பப்பட்டவர்கள் ஒரு ரவுண்டு போகலாம்.

"மாஸ்டர்," என்றாள். "நாளைக்கு வண்டி போயிரும். இன்னும் ஒரு ரவுண்டு. தாங்குமா?"

பானட்டைத் திறக்கச் சொன்னேன். சூட்டு முள் நடுவில் இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன், புகை முட்டவில்லை. ஹோஸ் கிளாம்ப்புகள் ஒவ்வொன்றையும் விரலால் அசைத்தேன். இன்ஜின் மேல் திருப்புளி வைத்து, அதன் கைப்பிடியில் காதை வைத்து, நாலு சிலிண்டரையும் கேட்டேன். இடுப்பு கெஞ்சியது. அவள் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டபடி காத்திருந்தாள், ஆனால் அவசரப்படுத்தவில்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்த பிறகு, எனக்கு இந்தமுறை பதில் தெரிந்திருந்தது.

பானட்டை மூடினேன். "போ" என்றேன்.

ஓரெழுத்துதான். அதையும் முழுசாகச் சொல்ல விடாமல் போய்விட்டாள்.